மேஜை மேல் ஒரு பேனா இருக்கிறது



ஆங்கில இலக்கணத்தில் மிகத் தொடக்கத்தில் வரும் ஒரு வாக்கியத்தைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, அல்லது இல்லை என்று சொல்லும் வாக்கியம் அது. 'தெர் இஸ் எ பென் ஆன் த டேபிள்.' மேஜை மேல் ஒரு பேனா இருக்கிறது. அச்சில் வரும்போது ஆங்கில, வங்காள வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போடச் சொல்லியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் விளங்கிவிடும்.

என் பணிக்காலம் முழுவதும் இந்தக் கொல்கத்தா நகரில் ஆங்கிலம் கற்பிப்பதிலேயே கழிந்தது. தென் கொல்கத்தாவில், வங்காளிப் பிள்ளைகளும் நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த வகுப்புகள். இறந்தகாலம், எதிர்காலம், ஒருமை, பன்மை எல்லாவற்றையும் ஒருவழியாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, 'இருக்கிறது' என்று சொல்ல வரும்போது தயங்கி நிற்கும். இருப்பையும் இன்மையையும் சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தாய்மொழியில் அருமையாகத் தெரியும். அந்த அறிவை வகுப்பறை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வா என்கிறோம். அதைக் கையோடு உள்ளே கொண்டுவரச் செய்ய வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் தவறு எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஐந்தாம் வகுப்பில், உங்கள் தெருவைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள் என்று சொன்னேன். தமிழ்ச் சிறுமி ஒருத்தி எழுதியது: 'இன் அவர் ஸ்ட்ரீட் ஒன் டெம்பிள் இஸ் தேர்.' பக்கத்தில் இருந்த வங்காளிச் சிறுவன் எழுதியது: 'இன் அவர் பாரா எ டெம்பிள் ஹாஸ்.' 'பாரா' என்றால் வங்காளத்தில் தெரு, அக்கம்பக்கம். இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சரியான வாக்கியத்தைப் பலகையில் எழுதிப்போட ஒரு நிமிடம் போதும். ஆனால் இரண்டு தவறுகளும் வேறு வேறு. வேறு வேறு மருந்து கேட்கின்றன.

அந்தச் சிறுமி மனத்துக்குள் 'எங்கள் தெருவில் ஒரு கோயில் இருக்கிறது' என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டாள். தமிழில் இடம் முதலில் வரும், பொருள் அடுத்து வரும், வினை கடைசியில் நிற்கும். அந்த வரிசை மாறாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலம் போட்டாள். 'இருக்கிறது' என்பதற்கு அவள் பிடித்துக்கொண்டது 'இஸ் தேர்'. தென்னிந்தியா முழுவதும் 'வாட்டர் இஸ் தேர்', 'டைம் இஸ் தேர்' என்று நாம் பேசுகிறோமே, அதே வார்ப்பு. சிறுவனின் வழி வேறு. வங்காளத்தில் 'ஆச்சே' என்ற ஒரே வினை இருப்பையும் சொல்லும், உடைமையையும் சொல்லும். 'ஆமார் ஏக்டா போன் ஆச்சே' என்றால் 'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்'. இதை ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ்' என்று சொல்ல வேண்டும் என அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். ஆகவே 'ஆச்சே' வரும் இடமெல்லாம் 'ஹாவ்', 'ஹாஸ்' என்று அவன் முடிவு செய்தது மிகவும் நியாயமான முடிவு. தமிழிலும் இருப்பும் உடைமையும் ஒரே வினைதான். நம் மொழியில் உடையவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், வங்காளத்தில் ஆறாம் வேற்றுமையில் நிற்கிறார். அவ்வளவே வேறுபாடு. இரண்டு மொழியும் ஒன்றாக வைத்திருப்பதை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று யாராவது ஒருமுறை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால், அந்த 'ஹாஸ்' வந்திருக்காது.

அடுத்த சிக்கல், அந்த வாக்கியத்தின் தலையில் நிற்கும் சொல். எழுத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்கள் இங்கே இருக்கின்றன. இடத்தைச் சுட்டும் 'தேர்' அழுத்தத்தோடு, நீட்டிச் சொல்லப்படும். இருப்பு வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் 'தெர்' அழுத்தம் இல்லாமல், தேய்ந்து ஒலிக்கும். அதற்கு 'அங்கே' என்ற பொருள் கிடையாது. எழுவாய் நிற்க வேண்டிய இடத்தை நிரப்புவதற்காக வருகிறது. 'தெர் இஸ் எ பென் தேர்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஆங்கிலேயர் சொல்வதே இவை இரண்டும் வேறு என்பதற்குச் சான்று. டென்மார்க்கின் இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய வாக்கியங்களைத் தனி வகையாகப் பிரித்து, 'இருப்பு வாக்கியங்கள்' என்று பெயரிட்டார். நம் வகுப்பறைகளிலோ முதல் நாளே பலகையில் 'தேர் என்றால் அங்கே' என்று எழுதிப்போடுகிறோம். 'தெர் இஸ் எ ஃபேன் இன் திஸ் ரூம்' என்று படித்ததும், இந்த அறையில் இருப்பதை ஏன் அங்கே என்கிறார்கள் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இலக்கணம் வரும். பதில் சொல்ல வேண்டிய கடமை நம்முடையது.

இனி, இந்த வாக்கியத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். கொல்கத்தாவில் கற்பித்ததால் எனக்குக் கிடைத்த பேறு இது. ஆங்கிலத்தில் 'தெர் இஸ் எ பென் ஆன் த டேபிள்' என்றும் சொல்லலாம், 'த பென் இஸ் ஆன் த டேபிள்' என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல. முதல் வாக்கியம், கேட்பவருக்கு அதுவரை தெரியாத ஒரு பேனாவைப் பேச்சுக்குள் கொண்டுவருகிறது. இரண்டாவது, இருவருக்கும் தெரிந்த ஒரு பேனா எங்கே கிடக்கிறது என்று சொல்கிறது. இதனால்தான் 'தெர் இஸ்' என்று தொடங்கினால் பின்னால் வருவது பெரும்பாலும் 'எ', 'ஸம்', 'நோ', எண்ணுப்பெயர் இவற்றில் ஒன்றாக இருக்கிறது. 'த' எளிதில் வருவதில்லை. இந்த நுட்பத்தை ஆங்கிலத்திலேயே விளக்கப் புகுந்தால் பத்து வயதுப் பிள்ளைக்குத் தலை சுற்றும். வங்காளத்தில் சொல்லிப் பாருங்கள். 'டேபிலே ஏக்டா கொலோம் ஆச்சே' என்றால் மேஜையில் ஒரு பேனா இருக்கிறது. 'கொலோம்டா டேபிலே ஆச்சே' என்றால் அந்தப் பேனா மேஜையில் இருக்கிறது. 'டா' என்ற ஒட்டு எண்ணோடு சேர்ந்தால் புதிய பொருள், பெயரோடு சேர்ந்தால் தெரிந்த பொருள். ஆங்கிலத்தின் 'எ', 'த' செய்யும் வேலையை ஓர் ஒட்டின் இருப்பிடம் செய்துவிடுகிறது. தமிழில் இதே வேலையைச் சொல்வரிசை செய்கிறது. 'மேஜை மேல் ஒரு பேனா இருக்கிறது', 'பேனா மேஜை மேல் இருக்கிறது.' இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் வேறுபாடு எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் காதிலேயே பட்டுவிடும். ஆக, உலக மொழி அறிஞர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதிய ஒரு நுட்பம் இந்த இரண்டு பிள்ளைகளிடமும் ஏற்கெனவே இருக்கிறது. 'டா' முன்னால் போனால் 'தெர் இஸ் எ', பின்னால் வந்தால் 'த' என்று சொன்ன அன்று, வங்காளிப் பிள்ளைகள் வகுப்பு முடிந்த பின்னும் போகாமல் நின்று ஒருவருக்கொருவர் வாக்கியம் போட்டுப் பார்த்தார்கள். ஆசிரியர் தொழிலில் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை.

இருப்பைச் சொன்னால் இன்மையையும் சொல்ல வேண்டும். லேக் மார்க்கெட்டில் மீன் வாங்குபவர்களுக்கு இந்த இலக்கணம் அன்றாடப் பழக்கம். 'இலிஷ் ஆச்சே?' என்று கேட்கிறோம். 'நேய்' என்று ஒரு சொல்லில் பதில் வருகிறது. இல்லை. அதே மீன்காரரிடம் வேறொரு மீனைக் காட்டி, இது இலிஷா என்று கேட்டால், பதிலில் 'நேய்' வராது, 'நொய்' வரும். இலிஷ் அல்ல. ஒரு பொருள் இல்லாமை வேறு, ஒன்று மற்றொன்றாக இல்லாமை வேறு. வங்காளம் இந்த வேறுபாட்டைத் தெருப்பேச்சிலும் காப்பாற்றி வைத்திருக்கிறது. தமிழுக்கும் இது உரியதுதான். தொல்காப்பியர் வினையியலில் உண்மை, இன்மை, அன்மை என்று இவற்றைத் தனித்தனியே எடுத்துச் சொல்கிறார். உண்மை என்பதற்கு அங்கே பொருள் இருத்தல்தான். நன்னூலார், உண்டு, இல்லை என்ற சொற்கள் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று விதி வகுத்தார். 'நான் இல்லை, அவர்கள் இல்லை, அது இல்லை' என்று எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் செல்லுபடியாவது இதனால்தான். ஆனால் பேச்சில் நாம் 'அல்ல' என்பதை விட்டுவிட்டோம். 'இது பேனா இல்லை' என்றுதான் சொல்கிறோம். ஆகவே 'இட் இஸ் நாட் எ பென்', 'தெர் இஸ் நோ பென்' இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆபத்து வங்காளிப் பிள்ளையைவிடத் தமிழ்ப் பிள்ளைக்கே அதிகம். வீட்டில் 'அல்ல' என்ற சொல்லைப் பெற்றோர் புழங்க ஆரம்பித்தால் ஆங்கில ஆசிரியரின் வேலை பாதி குறையும். தமிழை நன்றாகக் கற்றால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இந்தச் சபையில் இருந்தால் அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

இல்லாமையைப் பற்றி இந்த மண்ணில் நடந்த சிந்தனை சாதாரணமானதல்ல. நவத்வீபத்தில் வளர்ந்த நவ்ய நியாயப் பள்ளியில் 'தரையில் குடம் இல்லை' என்பது மாணவர்கள் நாள் கணக்கில் அலசிய எடுத்துக்காட்டு. இன்மையை நியாய வைசேஷிக மரபு ஒரு தனிப் பதார்த்தமாகவே எண்ணியது. இன்மை என்றால் எதன் இன்மை, எங்கே இன்மை என்ற இரண்டு கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். குடம் பிரதியோகி, தரை அநுயோகி. இந்த மரபைத் தற்காலத் தத்துவ மொழியில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பிமல் கிருஷ்ண மதிலால். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். நவ்ய நியாயத்தின் இன்மைக் கோட்பாடு பற்றிய அவருடைய நூல் 1968இல் வந்தது. தத்துவம் பேசுவதற்காக இதை நான் இழுத்து வரவில்லை. 'எது, எங்கே' என்ற அந்த இரண்டு கேள்விகள்தான் என் வகுப்பறை முறை. பிள்ளை தன் மொழியில் ஒரு வாக்கியம் சொல்கிறது. எங்கே என்று கேட்கிறேன், மேஜை மேல் என்கிறது. எது என்று கேட்கிறேன், ஒரு பேனா என்கிறது. இப்போது ஆங்கிலத்துக்கு வரிசையைத் திருப்பு என்கிறேன். எது முதலில், எங்கே கடைசியில், தொடக்கத்தில் காலியாக நிற்கும் இடத்தில் 'தெர்'. இல்லை என்றால் அதே கட்டில் 'நோ' வந்து உட்காரும். இவ்வளவு போதும். வினையடை, பயனிலை, நிரப்பி என்ற கலைச்சொற்கள் எட்டாம் வகுப்பு வரை காத்திருக்கலாம்.

இந்த ஊரில் ஆங்கிலக் கல்வி எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் என் கவலை இன்னும் தெளிவாகும். இந்துக் கல்லூரி தொடங்கியது 1817 ஜனவரியில். பள்ளிப் புத்தகங்களை அச்சிடக் கல்கத்தா பள்ளிப் புத்தகக் கழகம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பியாரி சரண் சர்க்கார் எழுதிய முதல் வாசகப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக வங்காளிப் பிள்ளைகளின் கையில் இருந்தது. ரவீந்திரநாதரும் சிறுவயதில் அதைப் படித்தவர்தான். நூற்றாண்டு முடியும் தறுவாயில் நெஸ்ஃபீல்டின் இலக்கணம் வந்து இந்தியப் பள்ளிகளை ஆண்டது. சூத்திரம் மனப்பாடம், பிறகு மொழிபெயர்ப்பு என்பதே முறை.

ரவீந்திரநாதரை இலக்கியத்துக்காகக் கொண்டாடும் நாம், அவர் ஓர் ஆங்கிலப் பாடநூல் ஆசிரியர் என்பதை மறந்துவிடுகிறோம். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியதும், தம் மாணவர்களுக்காக அவரே 'இங்கரேஜி ஸோபான்' எழுதினார். அதன்பின் 'இங்கரேஜி ஷ்ருதிசிக்ஷா', பெயரே சொல்வதுபோல் காதால் கேட்டுப் பழகும் ஆங்கிலம். பிற்காலத்தில் 'இங்கரேஜி ஸஹஜ்சிக்ஷா'. தாய்மொழியில்தான் கல்வி வேண்டும் என்று 1892லேயே வாதிட்டவர், 1937இல் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா உரையை வங்காளத்தில் நிகழ்த்தியவர், ஆங்கிலத்தை ஒதுக்கவில்லை. வங்காளத்தின் தோளில் ஏறி நின்று ஆங்கிலத்தை எட்டச் சொன்னார். அவருடைய இந்தச் சிறு நூல்களை ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், 1926இல் வங்காளத்தின் இருமொழி நிலை பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், ஆகவே பாதியில் நின்றாலும் பயன்படும் அளவுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றார். சொற்களை எண்ணிச் சுருக்கிய வாசகப் புத்தகங்களை உருவாக்கினார். உலகம் முழுவதும் ஆங்கிலப் பாடநூல்களுக்கு அடிப்படையான அவருடைய சொற்பட்டியல் 1953இல் வந்தது. அதன் வேர் வங்காளத்து வகுப்பறையில் இருக்கிறது.

பிறகு நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 1980களின் தொடக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலம் எடுக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில்தான் முதல் எழுத்து. அந்த வகுப்புக்கு வந்த புதிய பாடநூல் இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒதுக்கிவிட்டு, பேசிப் பழகும் முறையைக் கொண்டுவந்தது. இருபதாண்டுக் காலம் இந்த ஊரில் திண்ணைதோறும், டிராம்தோறும் இதுவே விவாதம். 1998இல் இதை ஆராய அமைந்த பவித்ர சர்க்கார் குழு, அதன் பின் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம், 2004இல் மீண்டும் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம். எந்த வகுப்பில் தொடங்குவது என்றுதான் இரு தரப்பும் சண்டை போட்டன. எப்படித் தொடங்குவது என்பது பின்னுக்குப் போய்விட்டது. தாய்மொழியை ஆதரித்தவர்கள் ஆங்கில வகுப்புக்குள் தாய்மொழிக்கு என்ன வேலை என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் வகுப்பில் வங்காளமே காதில் விழக் கூடாது என்றார்கள். நடுவில் பிள்ளை, 'ஆச்சே' என்பதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

நம் பிள்ளைகளின் நிலை இன்னும் ஒரு படி சிக்கல். ரயில்வேக்கும் அரசுக் கணக்கு அலுவலகங்களுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்து ராஷ்பிகாரி அவென்யூவைச் சுற்றிக் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். இதைச் சுமை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. பஸ்ஸில் 'ஜாய்கா நேய்' என்று கண்டக்டர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்கு வந்து 'இடமே இல்லை பாட்டி' என்று சொல்லும் பிள்ளை, இரண்டு மொழியிலும் இன்மையைச் சொல்லிப் பழகிவிட்டது. 'தெர் வாஸ் நோ ஸீட்' என்று மூன்றாவதைச் சேர்ப்பது எளிது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'நேற்று இடம் இல்லை', 'இன்று இடம் இல்லை', 'நாளை இடம் இல்லை' என்று எந்தக் காலத்துக்கும் தமிழ் 'இல்லை' ஒத்துப்போகும். வங்காளத்தின் 'நேய்' நிகழ்காலத்துக்கே உரியது, நேற்றைக்கு 'ச்சிலோ நா' என்று மாறும். ஆங்கிலமும் மாறும். ஆகவே காலம் காட்டும் இந்தப் பாடத்தை மட்டும் நம் பிள்ளைகளுக்கு வங்காளத்தின் வழியாகச் சொல்லிக்கொடுங்கள். தமிழ் வழி இங்கே உதவாது. ஒருமை பன்மையில் இரண்டு மொழிகளின் பேச்சும் உதவாது. 'அஞ்சு பேனா இருக்கு' என்கிறோம், வங்காளத்திலும் 'பாஞ்ச்டா கொலோம் ஆச்சே'தான். 'தெர் ஆர் ஃபைவ் பென்ஸ்' என்பதை நம் எழுத்துத் தமிழின் 'பேனாக்கள் இருக்கின்றன' என்பதோடு இணைத்துக் காட்டலாம்.

'வாட்டர் இஸ் தேர்' பற்றி ஒரு வார்த்தை. அதைச் சொல்லும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். கோடிக்கணக்கான இந்தியர்கள் அதைச் சொல்லி, கேட்டு, புரிந்துகொண்டு வாழ்கிறார்கள். தேர்வுத் தாளிலும் விண்ணப்பக் கடிதத்திலும் 'தெர் இஸ்' வேண்டும் என்று சொல்லுங்கள். எது எங்கே பொருந்தும் என்று பிள்ளை அறிந்துகொள்ளட்டும்.

இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தமிழ், வங்காளம், ஆங்கிலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 32 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் போடுங்கள். முதல் பக்கங்களில் படம் மட்டும் இருக்கட்டும்: மேஜை, பேனா, குடம், மீன்கூடை, டிராம். பிள்ளை முதலில் தன் மொழியில் சொல்லட்டும். அடுத்து இருப்பு, அதன் பின் இன்மை, அதன் பின் கேள்வி. 'இருக்கிறதா' என்று நாம் கடைசியில் ஓர் 'ஆ' சேர்ப்பதும், வங்காளி 'கி' சேர்ப்பதும், ஆங்கிலேயர் 'இஸ்'ஸை 'தெர்'ருக்கு முன்னால் தூக்கி வைப்பதும் ஒரே பக்கத்தில் வரட்டும். உடைமைக்குத் தனியாக நான்கு பக்கம் ஒதுக்குங்கள், 'ஹாஸ்' அங்கே தன் இடத்தில் இருக்கும். இதற்கான வாக்கியங்களை நான் எழுதித் தரத் தயாராக இருக்கிறேன். வங்காளப் பகுதியைப் பார்த்துத் தர என்னோடு பணியாற்றிய வங்காளி ஆசிரியர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அச்சுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் வரும் கல்வியாண்டுக்குள் முடித்துவிடலாம்.